எங்கள் தெருவில் எத்தனை விசிறி?

கண் போனாலும் கொள்கை போகக் கூடாது. கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் உட்கார்ந்து நான் எடுத்த முடிவு அது. உண்மையில் கண் போகவில்லை, கண்ணில் இருந்த புரைதான் போகவிருந்தது. ஆனால் போராளிக்கு இந்த மாதிரிச் சின்ன வித்தியாசமெல்லாம் கண்ணில் படாது.

எனக்கு பெயிண்ட் கடையில் வேலை. நிறம் கலப்பவன். ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து "இதே நிறம்" என்று கேட்டால், அதை அப்படியே டப்பாவில் இறக்கித் தருவேன். இருபத்தாறு வருஷ அனுபவம். போன மாசம் ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு வெள்ளை கேட்டார். கொடுத்தேன். பூசிய பிறகு, சுவருக்கே பல் தேய்த்துவிட வேண்டும் என்கிற மாதிரி மஞ்சள் அடித்ததாம். எனக்கோ அந்த மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. முதலாளி என்னை வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தார். வாசலைக் காட்டுவார் என்று பயந்தேன். நல்ல மனுஷன், ஆஸ்பத்திரியைக் காட்டினார்.

கொள்கை என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் இரண்டு கட்சி. ஒன்று குடை, ஒன்று விசிறி. நான் குடை. ஏன் குடை என்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது குடைக்காரர் ஒருவர் சாலைக் குழியைப் பற்றி எழுதியதற்கு ஒரு கட்டைவிரல் போட்டேன். போன் அதைக் குறித்துக்கொண்டது. மறுநாள் அதே மாதிரி பத்து காட்டியது. அதற்கடுத்த நாள் நூறு. ஒரே மாசத்தில், எனக்குத் தெரியாமலே எனக்குள் ஒரு கொள்கை முளைத்துக் கிளையும் விட்டிருந்தது.

என் தம்பியின் போனில் காற்று வேறு பக்கம் வீசியது. அவன் விசிறி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறான். எங்கள் குடும்பத்துக்கு "நம்ம வீடு" என்று ஒரு குழு, போனில்தான். அதில் ஒருநாள் அவன் ஓட்டைக் குடை படம் ஒன்றைப் போட்டான். "எரியுற வீட்டுல விசிறிவிடற கூட்டம்தானே நீங்க" என்று நான் எழுதினேன். "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்" என்று அவன் எழுதினான். "உனக்கு சைக்கிள் பழக்கின கை இது, நினைச்சா வெட்கமா இருக்கு" என்று நான் எழுதினேன். எழுதிவிட்டு வெளியேறினேன். வீட்டை விட்டு இல்லை, "நம்ம வீட்டை" விட்டு. பத்து நிமிஷத்தில் அவனும் வெளியேறினானாம்.

அவன் வீட்டுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். நடக்காததால் பதினோரு மாசம் ஆகியிருந்தது.

இந்தப் பதினோரு மாசமும் என் உறவெல்லாம் "குடைக் காவலர்" குழுவில்தான். முந்நூறு பேர். அதன் அட்மினுக்குக் கொள்கைக்குன்று என்று பெயர். யாரும் நேரில் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கு அவருடைய உத்தரவு வரும். இன்று இதைப் பரப்பு, இவனைத் திட்டு, இத்தனை மணிக்குள் திட்டு.

"எதுக்குங்க இந்தப் பாடு?" என்று என் மனைவி கேட்டாள்.

"சுதந்திரத்துக்காக."

"காலையில பல்லுகூட தேய்க்காம அவன் சொன்னதைச் செய்யறீங்க. கடையில முதலாளி சொன்னாக்கூட மத்தியானம்தான் செய்வீங்க. இதுக்குப் பேரு சுதந்திரமா?"

அவளுக்கு அரசியல் அறிவு போதாது என்று விட்டுவிட்டேன்.

அவள் ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்கிறாள். வருஷக்கணக்காக ஊரார் ஒருவரை ஒருவர் திட்டுவதை, இரண்டு பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புவதுதான் அவள் வேலை. திட்டு எதுவும் அவளுக்குப் புதிதில்லை.

ஆபரேஷன் முடிந்தது. வலது கண்ணில் கட்டு. இடது கண்ணிலும் புரை முற்றியிருந்ததால், அதைக் கொண்டு பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. டாக்டரம்மா ஏதேதோ சொன்னார். நான் மயக்க மருந்தின் மிச்சத்தில் "குடை வாழ்க" என்று முனகிக்கொண்டிருந்தேனாம். கவனமாகக் கேட்டது மனைவிதான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, போனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மூணு வாரம் போனைப் பார்க்கக் கூடாது. டாக்டர் உத்தரவு."

"மூணு வாரமா? நாடு என்ன ஆகிறது?"

"நாடு கண்ணைத் தொறந்துகிட்டே குழியில விழும். நீங்க பேசாம படுங்க."

"பேசி அனுப்பலாமே? குரல் பதிவு?"

"சத்தமாப் பேசினா கண்ணுல அழுத்தம் ஏறுமாம். அதுவும் கூடாதுன்னுட்டாங்க."

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. கண் என்னுடையது இல்லாவிட்டால் என்ன, கை அவளுடையது இருக்கிறதே!

"நான் மெதுவாச் சொல்றேன். நீ எழுது. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"எங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, நான் ஒரு எழுத்து மாத்துவேனான்னு" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே என்று நான் யோசித்திருக்க வேண்டும். கண்ணில் கட்டு என்றால் மூளையிலுமா கட்டு?

மறுநாள் காலையே போர் தொடங்கியது.

"எழுது. அடேய் விசிறிக் கூட்டமே! உங்களுக்கு வெட்கம், மானம், சூடு, சொரணை..."

"மெதுவாங்க. அழுத்தம்."

குரலைத் தாழ்த்தினேன். சுடச்சுட வர வேண்டிய திட்டு, தாலாட்டு மாதிரி வந்தது.

"வெட்கம்... மானம்... சூடு... சொரணை..."

"நாலும் வேணுமா? ஒண்ணு பத்தாதா?"

"நாலும் வேணும்."

"சொரணைக்கு எந்த ர? சின்னதா, பெருசா?"

"சின்ன ர."

"அப்ப அது அவ்வளவு பெரிய திட்டு இல்ல. சரி, சொல்லுங்க."

டக்டக்கென்று தட்டினாள். படிக்கச் சொன்னேன். நான் சொன்னதை அப்படியே, கோர்ட்டில் வாசிப்பது போல வாசித்தாள். என் வீரம் எனக்கே புல்லரித்தது.

ஒரு வாரம் இப்படிப் போனது. எட்டாம் நாள் காலை அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"கொள்கைக்குன்று பட்டியல் கேக்கிறார்."

"என்ன பட்டியல்?"

அவள் படித்தாள்: "உங்கள் தெருவில் உள்ள விசிறிகளின் முழுக் கணக்கு வேண்டும். யார், என்ன தொழில், என்ன நம்பர். இன்று மாலைக்குள். இனி அவர்களிடம் நாம் எதுவும் வாங்கக் கூடாது, எந்த வேலையும் கொடுக்கக் கூடாது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முக்கியமான பொறுப்பு. "எழுது. தையல்காரர்."

"நேத்து உங்க கறுப்புக் கண்ணாடிக்கு உறை தைச்சுக் குடுத்தாரே, அவரா?"

"உறை வேற, கொள்கை வேற. அப்புறம் மருந்துக் கடைத் தம்பதி. மூணாம் நம்பர் வீட்டு டியூஷன் டீச்சர்."

"உங்க சொட்டு மருந்து தீர்ந்துபோனா யாருகிட்ட வாங்கறது?"

"எழுதம்மா."

பதினோரு பேர் சொன்னேன். நிறுத்தினேன். அவள் விரலும் நின்றது. சுவர்க்கடிகாரம் மட்டும் தட்டச்சு செய்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒருத்தர் இருக்காரே" என்றாள் மெல்ல.

"அவன் நம்ம தெரு இல்லையே."

"நம்ம தெருவுல ஏழு லிஃப்ட்டும் அவர்தான் பார்க்கிறார்."

"அவன் நம்பர் எனக்கு ஞாபகம் இல்ல."

பொய். அந்த நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசி நாலு எண் என் பிறந்த நாளும் மாசமும். கடை கடையாக அலைந்து அவன் தேடி வாங்கிய நம்பர். "அண்ணே, உங்க பொறந்த நாளை மறந்தா என் நம்பரையே மறந்த மாதிரி" என்று அன்றைக்குச் சிரித்தான்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. போடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். விடு. பதினொண்ணு போதும்."

அவள் என் கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தைத் துடைத்துவிட்டாள். சொட்டு மருந்து வழிந்திருந்தது என்றாள். மருந்து விட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. தையல்காரருக்கு மூன்று பெண்கள். சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன்: "அனுப்பிட்டியா?"

"அப்பவே."

"பதில் வந்ததா?"

"வந்துகிட்டே இருக்கு. எல்லாரும் அவங்கவங்க தெருக் கணக்கை அனுப்பறாங்க. நல்ல உற்சாகம்."

எனக்கு உற்சாகமாக இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் தோழர் வந்தார்.

"உங்க கண் எப்படி இருக்குன்னு ஒரு தோழர் கேக்கிறார்" என்றாள் மனைவி.

"எந்தத் தோழர்?"

"பேர் போடல. நல்லாத்தான் எழுதறார். சொட்டு மருந்து விடும்போது தலையை நல்லா சாய்ச்சுக்கணுமாம். குனிஞ்சு ஷூ லேஸ் கட்டக் கூடாதாம்."

மனசு நெகிழ்ந்துவிட்டது. "பாத்தியா? இதுதான் கட்சி! கூடப் பொறந்தவன் எட்டிப் பார்க்கல. முகம் தெரியாதவன் லேஸைப் பத்திக் கவலைப்படறான்!"

"ஆமாங்க" என்றாள் பணிவாக. அவளுடைய பணிவுக்கு நான் எப்போதுமே பயந்திருக்க வேண்டும்.

அன்று முதல் தினமும் மாலை ஏழு மணிக்குத் தோழர். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். அவர் சொல்வதைப் படிப்பாள். கட்சியைப் பற்றி முதல் நாள் இரண்டு வரி பேசினோம். பிறகு அது எப்படியோ நழுவிப்போய்விட்டது. அவருக்கு முட்டி வலி. மழைக்காலத்தில் எழுந்திருக்கவே முடியவில்லையாம். எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொன்னேன். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். "கை நிதானமும் கண் மாதிரிதான். அதை யாரும் ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியாது" என்றார் தோழர். அந்த வார்த்தையை நான் நாலு தடவை படிக்கச் சொன்னேன்.

பதினாறாம் நாள் கேட்டேன்: "தோழரே, உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?"

அவள் தட்டி அனுப்பினாள்.

"ஒரு அண்ணன் உண்டாம். பேச்சுவார்த்தை இல்லையாம். சண்டை எதுக்குன்னு யோசிச்சா, சண்டைதான் ஞாபகம் இருக்காம், எதுக்குன்னு ஞாபகம் இல்லையாம்" என்று படித்தாள் மனைவி.

"எழுது. தோழரே, போய்ப் பாருங்க. அண்ணன்காரன் ரோஷத்துல வாசலுக்கு வராம இருப்பான். ஆனா ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பான். எனக்குத் தெரியும்."

அவள் எழுதினாள். இந்தத் தடவை மெதுவாக எழுதினாள்.

இருபதாம் நாள் செய்தி வந்தது. தோழர் நாளைக்கு அண்ணனைப் பார்க்கப் போகிறாராம்.

"பாத்தியா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்த இடத்துலேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துவச்சேன்! இது உன்னால முடியுமா?"

"எனக்கு எங்கங்க அந்தத் திறமை" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "அருமையா ஆறியிருக்கு. இப்ப படிக்க வசதியா இருக்கா?"

"இன்னைக்குத்தானே டாக்டர் மூணு வாரம் முடியுது. இனிமேதான் போனைப் பார்க்கணும்."

"மூணு வாரமா? மூணு நாள்ல பார்க்கலாம்னு சொன்னேனே! சாதாரணமாப் பேசலாம், படிக்கலாம்னு சீட்டுலயும் எழுதினேன்."

நான் திரும்பினேன். புதுக் கண்ணால் என் மனைவியை முதல்முதலாகத் தெளிவாகப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை.

"மூணுன்னு காதுல விழுந்தது. நாளா வாரமான்னு சரியாக் கேக்கல" என்றாள். "அடுத்து எனக்குக் காதைக் காட்டணும் டாக்டர்."

பஸ்ஸில் போனைப் பிடுங்கிக்கொண்டேன். எழுத்துகள் எறும்பாக ஊரவில்லை. பளிச்சென்று வரிசையில் நின்றன. நிற்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடேய் விசிறிக் கூட்டமே" என்று நான் முழங்கிய நாளில் என் பெயரில் போயிருந்தது இதுதான்: "எல்லோருக்கும் வணக்கம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெயிலில் போகிறவர்கள் தண்ணீர் குடியுங்கள். எந்தக் கட்சியானாலும் குடியுங்கள்."

பட்டியல் கேட்ட நாளுக்குத் தாவினேன். என் பெயரில் இப்படி இருந்தது:

"எங்கள் தெருவில் உள்ள விசிறிகளின் முழுக் கணக்கு: எங்கள் வீட்டில் மூன்று, ஒன்று கடகடவென்று சத்தம் போடும். எதிர் வீட்டில் நான்கு. தையல் கடையில் ஒன்று, மேசை மேல் இருப்பது. மருந்துக் கடையில் இரண்டு. மூணாம் நம்பரில் டியூஷன் நடப்பதால் ஐந்து. தொழில்: சுற்றுவது. மொத்தக் கணக்கு நாளைக்குள் தருகிறேன், சில வீடு பூட்டியிருக்கிறது."

அதற்குக் கீழே கொள்கைக்குன்று: "என்ன கிண்டலா?"

அதற்குக் கீழேதான் வெள்ளம். "எங்க வீட்ல ரெண்டு, ஒண்ணு ரிப்பேர்." "எங்க மாமியார் ரூம்ல ஒண்ணு, ராத்திரி பகல் ஓடுது, கட்சி விரோத நடவடிக்கை." "எங்க தெருவுல கரண்ட் இல்ல, அதனால விசிறிகள் செயல்படல." ஒருவர்கூடப் பெயர் தரவில்லை. முந்நூறு பேரும் சிரித்திருந்தார்கள். எல்லோரும் யாராவது சிரிக்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. கடைசி வரி: "கொள்கைக்குன்று உங்களை நீக்கிவிட்டார்."

"எட்டாம் நாளே என்னை நீக்கிட்டாங்களா? அப்ப தோழர் எங்கேர்ந்து வந்தார்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானே தேடினேன். முட்டி வலி, எண்ணெய், கை நிதானம், ஜன்னல் எல்லாம் இருந்தன. அதில் மட்டும் நான் சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை. மேலே பெயர் இருந்தது: தம்பி.

எங்கள் ஸ்டாப் வந்ததையும் நான் கவனிக்கவில்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. தெரிந்தே பேசியிருக்கிறானே, என் கண்ணைத் தினமும் விசாரித்திருக்கிறானே என்றுதான் ஓடியது.

வீட்டு வாசலில் அவன் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி, ஆரஞ்சுப் பையோடு. பதினோரு மாசத்தில் காதோரம் முழுக்க நரைத்திருந்தான். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தேன்: மஞ்சளே கலக்காத சுத்த வெள்ளை. அந்த நிறத்தை நான் கலந்ததே இல்லை.

"அண்ணே" என்றான். என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டான். "ஐயோ, கண்ணுக்கு என்ன?"

"என்னடா தெரியாத மாதிரி கேக்கறே? தினமும் விசாரிச்சியே."

"நானா? சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. ஒரு தோழர் சொன்னார், அண்ணனைப் போய்ப் பாருன்னு. அதான் வந்தேன். அவருக்கும் பாவம் கண் ஆபரேஷன். தங்கமான மனுஷன், எங்க விசிறிக் கட்சி."

"விசிறியா? உனக்கு யார் சொன்னது?"

"இவதான் படிச்சுச் சொல்லுவா. ஏழு மணிக்கு வேலை முடிஞ்சு வரும்போது என் கையெல்லாம் கிரீஸ். போன் இவகிட்டத்தானே."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் திரும்பினோம். இரண்டு பெண்களும் அதற்குள் கதவைத் திறந்து, ஆரஞ்சுப் பையோடு சமையலறைக்குள் போயிருந்தார்கள். உள்ளே டீக்கு அடுப்பு மூட்டும் சத்தம். அதை மீறிக்கொண்டு சிரிப்பு.

தம்பி உட்கார முட்டி மடங்காமல் திணறினான். நான் கை கொடுத்தேன். அவன் என் கையை விடவில்லை. நானும் அவசரப்படவில்லை.

"ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தீங்களாண்ணே?" என்றான்.

"காத்துக்காக" என்றேன்.

டீ குடித்து முடித்ததும்தான் எங்களுக்கு ரோஷம் வந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள், தனித்தனிக் கொள்கை உள்ளவர்கள், மூன்று வாரம் இரண்டு பெண்களின் விரல் நுனியில் ஆடியிருக்கிறோம்! இதை இப்படியே விடக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். பதினோரு மாசத்தில் குடையும் விசிறியும் ஒத்துப்போன முதல் தீர்மானம்.

"'நம்ம வீடு' குழுவுல உங்க ரெண்டு பேரையும் மறுபடி சேர்த்தாச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

நல்லதாயிற்று. தம்பி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். அவன் சொல்லச் சொல்ல, என் சொந்தக் கண்ணால் பார்த்து, என் சொந்த விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்: "இனி எங்கள் கருத்தை எங்கள் சார்பில் வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டு. இப்படிக்கு, அண்ணன், தம்பி."

அனுப்பும் பொத்தானை இருவரும் சேர்ந்து அழுத்தினோம்.

போன் சொன்னது: "இந்தக் குழுவில் அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்."